விரிந்த சுவரும் சனிக்கிழமைக் கூலியும்

சொந்த வீடு கட்ட வேண்டுமென்று நகையை அடகு வைக்கிறோம். பாங்கியில் கடன் வாங்குகிறோம். அப்படிக் கட்டுகிற வீட்டில், பூசிய சுண்ணாம்பு மங்குவதற்குள் சுவர் விரிந்து தளம் ஒழுகினால், குடும்பத் தலைவனுக்கு நெஞ்சு கொதியாதா? கொதிக்கத்தான் செய்யும். அந்தக் கொதிப்பில் நீதி எது, பழி எது என்று பிரித்தறிவதுதான் கடினம்.

திருமங்கலம் பக்கம் கரிசல் நிலத்தில் ஒருவர் வீடு கட்டுகிறாரென்று வைத்துக்கொள்வோம். கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கிப் பாளமாய் வெடிக்கும். ஆழமில்லாத கடைக்கால் அதோடு ஏறி இறங்க, மேலே சுவர் விரியும். இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. மண் அசையாத ஆழம் வரையில், அடிப்பாகம் குமிழ்போல் அகன்ற காங்கிரீட் தூண்களை இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் எத்தனையோ வருஷங்களுக்கு முன்னமே வகுத்திருக்கிறார்கள். காண்டிராக்டர் இதைச் சொல்லாமல் விட்டாரா? அல்லது அவர் சொல்லியும், "பக்கத்து வீட்டுக்காரர் இப்படியா செலவழித்தார்?" என்று நாம் தட்டிக் கழித்தோமா? முந்தினதானால் குற்றம் அவருடையது. பிந்தினதானால் பாதியேனும் நம்முடையது.

தளமும் அப்படியே. சுமார் 15 அடிக்கு மேல் அகலமான அறையானால், முட்டுகள் 14 நாளாவது நிற்க வேண்டுமென்பது விதி. புதுவீடு மந்திரிக்க நாள் குறித்துவிட்டோமென்று, அதற்குமுன் பிரிக்கச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்கள் யார்? பெரும்பாலும் நாமேதான்!

இவ்வளவும் விசாரித்தபின் தவறு காண்டிராக்டருடையதே என்று தெரிந்தால், அவர் நஷ்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். 3,700 ஆண்டுகளுக்கு முன்னே பாபிலோனில் ஹமுராபி அரசன், உறுதியில்லாத சுவரைக் கட்டினவனே தன் செலவில் பலப்படுத்தித் தரவேண்டுமென்று சட்டம் செய்தான். நம் நாட்டிலும் வீடு கட்டிக் கொடுப்பது நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவையே என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் லக்னோ வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 வருஷத்துக்குள் முறையிட வேண்டும். ஆனால் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், நாமே தடுத்திருக்கக்கூடிய நஷ்டத்தையும் கணக்கில் பார்க்கும். ஐப்பசி மழைக்கு முன்னே கண்ட ஒழுகலை, வழக்குக்குச் சாட்சியாக இருக்கட்டுமென்று கார்த்திகை வரையில் ஒழுகவிட்டவர், முழு நஷ்டத்தையும் கேட்பது நியாயமாகாது. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஒழுகலை அடைக்கலாமே.

கேட்கும் தொகையிலும் அளவுண்டு. பத்தாயிரம் ரூபாய் நஷ்டத்துக்கு லட்ச ரூபாய் பில்லை நிறுத்தி வைக்கிறவர், ஏழாங் கற்பனை காண்டிராக்டருக்கு மட்டும் கொடுக்கப்பட்டதாக நினைக்கிறார்.

இதைவிடப் பெரிய பிழையொன்று நல்ல குடும்பங்களிலும் நடக்கிறது. வெள்ளிக்கிழமை தகராறு, உடனே பணம் நிறுத்தப்படுகிறது. சனிக்கிழமை மாலை காண்டிராக்டர், "வீட்டுக்காரர் தரவில்லை" என்று கையை விரிக்கிறார். வாரமெல்லாம் கலவை சுமந்த சித்தாள் வெறுங்கையோடு பஸ் ஏறுகிறாள். சுவர் விரிந்ததில் அவளுக்கு என்ன பங்கு? இப்போது பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பி அரிசி கடன் கொடுக்க எத்தனை கடைகள் உண்டு? பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் நான்கு என்று ஞானோபதேசத்தில் படித்தோம். கூலிக்காரருக்குக் கூலி கொடாமை அவற்றில் ஒன்று.

"கூலி காண்டிராக்டர் பொறுப்பு, எனக்கென்ன?" என்பார்கள். ஒப்பந்தத்தின்படி அது சரியே. ஆனால் பணத்தை நிறுத்தினது நம் கை; அதனால் யார் பட்டினி கிடப்பார்களென்பதும் நமக்குத் தெரியும். ஆகவே, தகராறு தீரும்வரை பில்லில் நஷ்டத்தளவு மட்டும் நிறுத்தி, காரணத்தை எழுதிக் கொடுத்துவிடலாம். மீதியைக் காண்டிராக்டர் கூலிக்குத் தரமாட்டாரென்று சந்தேகமிருந்தால், அவரையும் மேஸ்திரியையும் வைத்துக்கொண்டு, அந்த வாரக் கூலியை அவரவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, அவர் கணக்கில் பற்று எழுதலாம். காண்டிராக்டர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும், சுவரைப் பற்றித் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம்.