பேய்ப் படமும் கூலிப் பணமும்

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் இளைஞர் சிலருக்குப் படம் எடுக்கும் ஆசை பிறந்திருக்கிறது. வாரம் ஆறு நாள் ஷிப்டு பார்த்துவிட்டு, ஏழாம் நாள் கைக்கு அடக்கமான கேமரா ஒன்றுடன் புறப்படுகிறார்கள். அவர்கள் எடுக்க விரும்புவது குடும்பக் கதையன்று, சரித்திரக் கதையுமன்று, பேய்க் கதை. ஏன் பேய் என்று கேட்டால், பேய்க்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்று சிரிக்கிறார்கள். வேடிக்கையாகச் சொன்ன அந்தச் சொல்லை நாம் சற்று நின்று கவனிப்பது நல்லது.

அவர்கள் போட்ட கணக்கு தவறன்று. பேய்ப் படத்துக்கு ஒரு வீடு போதும். ஓர் இரவு போதும். நாலைந்து முகங்கள் போதும். பாதி வேலையை இருட்டே செய்துவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இடத்துக்கும் பஞ்சமில்லை. கைவிடப்பட்ட கருங்கல் குவாரிகள் உள்ளன. அஞ்செட்டிக் காட்டுப் பாதை உள்ளது. தொல்லியல் துறையின் அனுமதி கிடைத்தால் ராயக்கோட்டை மலைக்கோட்டையும் உள்ளது.

இவ்வழியில் முன்னே நடந்து காட்டியவர்களும் உண்டு. 1972 இல் வெளிவந்த 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' என்ற இந்திப் படத்தைப் பம்பாயின் ராம்ஸே சகோதரர்கள் எடுத்தபோது ஒரு குடும்பமே படப்பிடிப்புக் குழுவாயிற்று. ஒருவர் கதையைக் கவனிக்க, ஒருவர் ஒளிப்பதிவு செய்ய, ஒருவர் ஒலியைப் பார்க்க, இருவர் இயக்க, வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் சமைத்துப் போட, மகாபலேஷ்வர் மலையில் தங்கிச் சுமார் 40 நாளில் வேலையை முடித்தார்கள். இரண்டு கஜ நிலத்தின் கீழே என்பது அப்பெயரின் பொருள். ரங்கூனில் கைதியாக இருந்து 1862 இல் மறைந்த பஹதூர் ஷா ஸஃபரின் பெயரால் வழங்கும் கஜலை உருது அறிந்தோர் அப்பெயரில் உடனே கேட்பர். ஒரு பாதுஷாவின் புலம்பல் பேய்ப் படச் சுவரொட்டிக்குப் பெயரானது காலத்தின் கோலந்தான். தமிழிலோ, 2012 இல் கார்த்திக் சுப்பராஜ் பெரும் பணம் வேண்டியிருந்த வேறொரு கதையை ஒதுக்கி வைத்துவிட்டு, சிறு செலவில் முடியக்கூடிய 'பீட்சா'வை முதலில் எடுத்தார். அதன் பெரும் பகுதி ஒரே வீட்டுக்குள் நடப்பது.

பிறரைப் பயமுறுத்திப் பிழைப்பது கூடுமா என்பதே நம் முன் வைக்கப்படும் கேள்வி. உருவப் படம் பற்றிய மஸ்அலாவில் உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. அது தனியே எழுதற்குரியது. அச்சத்தைப் பற்றி மட்டும் பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் சென்ற பயணமொன்றில் ஸஹாபி ஒருவர் உறங்கிக் கிடந்தார். தோழர் சிலர் விளையாட்டாக அவருடைய கயிற்றை எடுத்துவிட, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் காண்கிறோம். ஆனால் அங்கே பயந்தவர் உறங்கிக் கிடந்தவர். படக் கொட்டகையில் இருப்பவரோ காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, பயப்படுவதற்கென்றே வந்து உட்கார்ந்தவர். இரண்டும் ஒன்றாகா என்பதே நம் கருத்து. அவர் மடியில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் நிலை வேறு. அது சீட்டும் கேட்கவில்லை, பயமும் கேட்கவில்லை. 2023 ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் 7, 13, 16 என்று வயதுகளைப் பிரித்துச் சான்றிதழ் தரச் சொல்வது ஒரு வகையில் அந்தக் குழந்தைக்காகவே.

கற்பனை பொய்யாகுமா என்ற ஐயத்துக்கு நம் மதரஸாக்களில் ஓதப்படும் மகாமாத்தின் முன்னுரையிலேயே விடை இருக்கிறது. விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசுவதாகச் சொல்லும் கதைகளை அறிவுடையோர் எவரும் வெறுத்ததில்லையே என்று ஹரீரி வாதிடுகிறார். கேட்பவனும் கதையென்று அறிவான், சொல்பவனும் அறிவான். இறந்தவர் ஆவியாகத் திரிவது நம் அகீதாவில் இல்லை. ஜின் உண்டு என்பது திருமறை சொல்வது. இவ்வேறுபாட்டை அறிந்தவன் கதையைக் கதையாகப் பார்த்துவிட்டுப் போவான். பாலைவனத்தில் வழி மறிக்கும் கூல் என்னும் பேயை அரபிகள் கண்டது எப்படி என்று பஸராவின் ஜாஹிஸ் தம் 'கிதாபுல் ஹயவா'னில் ஆராய்கிறார். அந்நள்ளாமின் விளக்கத்தை அவர் எடுத்துக் காட்டுவது சுவையானது. ஆளரவமற்ற வெளியில் நெடுநாள் தனித்திருப்பவனுக்குச் சிறியது பெரியதாகத் தோன்றும்; தோன்றியதை அவன் பாட்டாக்குவான்; பாட்டைக் கேட்டு வளரும் பிள்ளை அதை நம்புவான்; பிறகு அவனும் காண்பான். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது!

கதை பொய்யாக மாறும் இடமொன்று உண்டு. இது உண்மையில் நடந்தது என்று விளம்பரம் செய்யும் இடம் அது. அமெரிக்காவில் 1999 இல் வெளியான 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' இதற்கு நல்ல சான்று. நடிகர் மூவரைச் சொந்தப் பெயர்களிலேயே மேரிலாந்துக் காட்டுக்குள் அனுப்பி, கேமராவையும் அவர்கள் கையிலேயே கொடுத்து, எட்டு நாள் படம் பிடிக்கச் செய்தார்கள். முகத்தில் களைப்புத் தெரிய வேண்டுமென்று நாளுக்கு நாள் உணவையும் குறைத்தார்கள். படம் வெளியானபோது அம்மூவரும் மெய்யாகவே காணாமற் போனவர்கள் என்பது போல விளம்பரம் நடந்தது. நடித்த பெண்ணின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தனவாம். உயிரோடு இருக்கும் மகளுக்காக!

அந்தப் படத்தின் வசூல் ஏறத்தாழ 25 கோடி டாலர். அந்த வெற்றிக்கு ஏற்ற பங்கு தங்களுக்கு வந்து சேரவில்லை என்று 2024 இல், 25 ஆண்டுகள் கழித்து, அம்மூவரும் பகிரங்கமாகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நமக்கு உறுத்துவது இதுவே. திரையில் வரும் பேயைப் பற்றி நம்மிடம் மஸ்அலா கேட்பவர்கள், விளக்குப் பிடிக்கும் பையனைப் பற்றிக் கேட்பதில்லை. சிறு செலவுப் படம் என்கிறோம். செலவு உண்மையில் சிறுத்துவிடவில்லை. அதை வேறு யாரோ சுமக்கிறார். எட்டு இரவு கண் விழித்தவர், தன் ஆட்டோவைக் கொடுத்தவர், ஒப்பனை செய்த பெண், பின்னணி இசைக்குக் கணினி முன் முதுகொடியக் குனிந்திருந்தவர் ஆகிய அனைவரிடமும் சொல்லப்படுவது ஒரே வாக்கியம்: படம் ஓடினால் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வாக்கியத்தை ஃபிக்ஹு ஏற்பதில்லை. ராகி அரைக்க வந்தவர் மில்லுக்காரரிடம், அரைத்து வரும் மாவிலேயே ஒரு படியைக் கூலியாக எடுத்துக்கொள் என்பதாக வைத்துக்கொள்வோம். இதைக் கிதாபுகளில் 'கஃபீஸுத் தஹ்ஹான்' என்பர். நம் பகுதியில் வழங்கும் ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளும் இதை ஒப்புவதில்லை. தன் வேலையிலிருந்து இனிமேல்தான் வர வேண்டிய ஒன்றை, ஒப்பந்த நேரத்தில் இல்லாத ஒன்றை, கூலியாகப் பேசலாகாது. இன்ன தொகை என்று தெரியாத கூலியும் அவ்வாறே. அப்படிப் பேசி வேலையும் வாங்கிவிட்டால், அவ்வேலைக்கு ஊரில் நடப்பிலுள்ள கூலியை, அதாவது உஜ்ரத்துல் மிஸ்லை, கொடுத்தாக வேண்டும்.

நண்பர்கள் மனமொப்பி இலவசமாகச் செய்கிறார்கள் என்பது வழக்கமான பதில். மெய்யாகவே மனமொப்பினால் தடையில்லை. ஆனால் பத்துப் பேர் நடுவே, நீ காசு வாங்கமாட்டாய் அல்லவா என்று கேட்டால் எவன் வாய் திறப்பான்? வெட்கத்தை வாளாக்கி வாங்கிய பொருள் ஹலாலாகாது என்று நம் முன்னோர் சொல்லி வந்தது இத்தகைய இடங்களுக்காகவே.

பங்காளியாகச் சேர்ப்பது வேறு வழி. பணம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது என்றால் அது முளாரபா. இலாபத்தைப் பாதி, காற்பங்கு என்று விகிதமாகப் பேச வேண்டும்; நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். பணமே போடாமல் உழைப்பை மட்டும் கூட்டாகப் போடும் ஷிர்கத்துல் அப்தானை ஹனஃபிகள் ஏற்பர், ஷாஃபிகள் ஏற்கமாட்டார்கள். ஓசூரிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் பெங்களூரில், கன்னட இயக்குநர் பவன் குமார் தயாரிப்பாளர் கிடைக்காமல் பொதுமக்களிடமே பணம் கேட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் போட்ட பணத்தில் 'லூசியா'வை எடுத்து 2013 இல் வெளியிட்டார். அது பேய்ப் படமன்று, தூக்கத்தையும் கனவையும் பற்றியது. ஆயினும் நம் இளைஞர் பார்க்க வேண்டியது அதைப் போன்ற வழியையே, கந்துவட்டிக்காரரின் வாசலையன்று. பங்காளி என்று சொன்னால் அவருக்குக் கணக்கைப் பார்க்கவும் உரிமை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பங்காளி என்ற பெயரும் கூலியாள் என்ற நடத்தையும் ஒரே ஆளுக்கு ஆகா.

நிரந்தரம் ஆகிவிடும் என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பயிற்சியாளராகவும் ஒப்பந்தத் தொழிலாளராகவும் ஆண்டுகளைக் கழிப்போர் இத்தொழிற்பேட்டையில் எத்தனை பேர்! அந்த வாய்ச்சொல்லின் வலியைத் திங்கள் முதல் சனி வரை அனுபவிப்பவர், ஞாயிறன்று தம் தோழனிடம் அதையே சொல்வது நமக்கு வியப்பளிக்கிறது. திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கதைக்கு நாற்பது பக்கம் எழுதுகிறவர் கூலிக்கு ஒரு பக்கம் எழுதலாமே.

படம் முடியவே இல்லை, அல்லது முடிந்தும் வெளிவரவில்லை, போட்ட பணமெல்லாம் போயிற்று என்றால் என்ன செய்வது? அரைத்த மாவை ஆற்றில் கொட்டிவிட்டாலும் அரைத்தவர் அரைத்தவரே. கூலிக்கு வந்தவரின் கூலி கடனாக நிற்கும். சேர்ந்து உட்கார்ந்து மாதம் இவ்வளவு என்று தவணை பேசிக்கொள்ளலாம். தனியே கேட்டு, அவராக விட்டுக்கொடுத்தால் அத்துடன் நீங்கும். அடுத்த பேய்க் கதையை எடுக்கப் புறப்படுமுன் இந்தக் கணக்கு தீர்ந்திருக்க வேண்டும்.