தலையெழுத்து எந்த வகுப்பில் எழுதப்படுகிறது?

ஒரு பிள்ளைக்குக் கல்லூரிப் படிப்பு அமையாமல் போனால் நம் ஊர்களில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தலையெழுத்து. நொந்துபோன பெற்றோரைத் தேற்ற அந்தச் சொல் உதவுகிறது. அதை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் ஆறுதலுக்குச் சொன்ன சொல்லே நடந்ததற்கு விளக்கமாகவும் மாறிவிடும்போது அதை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்பதற்கு ஏற்காட்டு மலையின் அடிவாரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கீழே கருப்பூரில் 1966 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சேலத்தில் 1986 முதல் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1997இல் பெரியார் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. நாகலூரிலோ வாழவந்தியிலோ மாரமங்கலத்திலோ வளரும் பிள்ளைக்கு இவையெல்லாம் மலையிறங்கினால் எட்டிவிடும் தூரம்தான். அந்த வாசல்களுக்குள் நுழைவது மட்டும் இன்றும் எளிதாக இல்லை. இது விதியா, அல்லது யாரோ எப்போதோ எடுத்த, எடுக்கத் தவறிய முடிவுகளின் விளைவா? இரண்டாவதுதான் என்பது என் வாதம். அதற்கு விதி என்று பெயர் வைப்பது வெறும் அறிவுப் பிழையல்ல, அறப்பிழை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது முதல், பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு குரூப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மருத்துவத்துக்கு இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் வேண்டும். ஆகவே பதினைந்து வயதில், ஜூன் மாதத்தின் ஒரு காலைப்பொழுதில், பள்ளி அலுவலக மேசையில் நிரப்பப்படும் ஒரு படிவம் பல வாசல்களைத் திறக்கிறது, பலவற்றை மூடுகிறது. எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் எல்லாக் குரூப்புகளும் கிடையாது என்பதால், எந்தப் பள்ளி என்பதும் அந்த முடிவின் பகுதியாகிறது. இன்னும் முன்னே போகலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. அரசு உதவிபெறும் பள்ளி அந்தக் கணக்கில் சேராது. பதினொரு வயதுப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று ஒரு காப்பித் தோட்டக் கூலித் தொழிலாளி முடிவெடுக்கும்போது, அவர் அறியாமலே பதினெட்டாம் வயதின் ஒரு வாசலையும் தீர்மானித்துவிடுகிறார். பழங்குடியினருக்குரிய ஒரு விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கேட்க, வருவாய்க் கோட்டாட்சியர் தரும் சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். கலந்தாய்வு அறிவித்தபின் அதற்கு அலையத் தொடங்கினால் காலம் போதாமல் போகலாம்.

இவற்றில் எது விதி? இரண்டு சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்க்கலாம். மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு 2017இல் கட்டாயமானபின் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். உள்ஒதுக்கீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஒரே ஆண்டில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்காக உயர்ந்தது. அந்தப் பிள்ளைகளின் முன்வினை ஒரே ஆண்டில் கூண்டோடு மாறிவிட்டதா? அடுத்தது: ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடிகளில் அவர்களே எண்ணிக்கையில் முதலிடம். ஆனால் அந்தப் பட்டியல் சேலம், தருமபுரி போன்ற சில மாவட்டங்களின் பெயரைச் சொல்லித்தான் அவர்களைச் சேர்த்திருக்கிறது. ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிகள் அதில் இல்லை. ஒரே பெயருடைய சமூகத்தில் ஒரு பிள்ளைக்கு ஒதுக்கீடு உண்டு, இன்னொரு பிள்ளைக்கு இல்லை. நடுவில் இருப்பது மாவட்ட எல்லை. அந்தக் கோட்டைப் போட்டது பிரமன் அல்ல, ஓர் அரசு அலுவலகம். மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம். திருத்தும் வரை, எழுதியிருப்பதை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளலாம்.

ஊழைப் பற்றித் தமிழ் மரபு எளிதாகப் பேசிவிட்டுக் கடந்ததில்லை. எல்லாம் முன்பே நியதியால் முடிவானவை என்ற ஆசீவகரோடு வாதிடுவதற்கென்றே நீலகேசி என்னும் சமணக் காப்பியத்தில் ஒரு சருக்கம் இருக்கிறது. சமண ஆகமங்களில் ஒன்றான உவாசகதசாவில், ஆசீவக நெறியைப் பின்பற்றிய சத்தாலபுத்தன் என்ற குயவரிடம் மகாவீரர் கேட்கும் கேள்வி இந்த விவாதத்தின் மையத்தைத் தொடுகிறது. இந்தப் பானைகள் முயற்சியால் ஆனவையா என்று அவர் கேட்க, இல்லை, எல்லாம் நியதி என்கிறார் குயவர். அப்படியானால் யாராவது வந்து இவற்றை உடைத்தால் என்ன செய்வாய் என்பது அடுத்த கேள்வி. தண்டிப்பேன் என்கிறார் குயவர். நியதிப்படி நடந்ததற்கு யாரைத் தண்டிப்பது? விதிவாதம் முயற்சியை மட்டும் அழிப்பதில்லை, பொறுப்பையும் அழிக்கிறது என்பது இந்த உரையாடலின் சாரம். நம் விஷயத்துக்கு இதுவே முக்கியம். குரூப் எடுக்கும்போது எதை எடுத்தால் எது கிடைக்கும் என்று சொல்லாத பள்ளி, சான்றிதழ் மனுவைக் கிடப்பில் போட்ட அலுவலகம், கணித ஆசிரியர் இல்லாமலே ஓராண்டை ஓட்டிய நிர்வாகம் எல்லாம் தலையெழுத்து என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்துகொள்கின்றன. பெற்றோர் அதைப் பணிவோடு சொல்கிறார்கள். பயன் அடைபவர்களோ கடமை தவறியவர்கள்.

இறைப்பற்றுள்ளவர்கள் இங்கே ஒரு மறுப்புச் சொல்லலாம். ஏழாண்டுக்குப் பின் நடக்கப்போவதை இன்றே வகுப்பது, கடவுள் கையில் இருப்பதை நம் கையில் எடுத்துக்கொள்வது ஆகாதா? பலனைக் கருதாமல் செயல்படு என்றல்லவா கீதையின் போதனை? இந்த மறுப்பு மதிப்புக்குரியது. ஆனால் பலனில் பற்று வேண்டாம் என்பது, செயலை அரைகுறையாகச் செய் என்ற அனுமதி அல்ல. விண்ணப்பத்தின் கடைசி நாள் தெரிந்திருப்பது பற்று ஆகாது, அது செயலின் ஒரு பகுதி. சைவ சித்தாந்தமும் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: குவிந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் நுகரும் பிராரத்தம், இன்று செய்து சேர்க்கும் ஆகாமியம். இன்று செய்வதற்கு அந்தக் கணக்கில் தனி இடம் இருக்கிறது. திருவள்ளுவர் நூலை அமைத்த முறையையும் கவனிக்கலாம். ஊழ் என்னும் 38ஆம் அதிகாரத்தோடு அறத்துப்பால் முடிகிறது. ஆனால் நூல் அங்கே முடிவதில்லை. 40ஆம் அதிகாரம் கல்வி, 47 தெரிந்து செயல்வகை, 62 ஆள்வினையுடைமை. ஊழின் வலிமையைச் சொல்லிய பிறகும் கற்பதற்கும் ஆய்ந்து செய்வதற்கும் உழைப்பதற்கும் தனித்தனி அதிகாரம் எழுதுபவர், ஊழைக் காட்டிக் கைகட்டி நிற்கச் சொல்பவராக இருக்க முடியாது.

இன்னொரு மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. ஆறாம் வகுப்பிலேயே கல்லூரிக் கணக்குப் போட்டால் குழந்தைப்பருவம் என்ன ஆவது? கற்பதன் இன்பம் மதிப்பெண்ணுக்கு அடிமையாகிவிடாதா? இதில் பாதி உண்மை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், ஏறத்தாழ பத்து வயதில், பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். அது மிகச் சீக்கிரம் என்ற விமர்சனம் அங்கேயே நெடுநாளாக உண்டு. பத்து வயதில் இவள் மருத்துவர், இவன் பொறியாளர் என்று முத்திரை குத்துவதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் முன்கூட்டித் திட்டமிடுவது அதுவல்ல. பிள்ளையின் மனம் மாறும் என்பதை ஒப்புக்கொண்டு, மாறும்போது போக வழி இருக்கும்படி பார்த்துக்கொள்வதே திட்டமிடல். இன்னும் முடிவுக்கு வராத மாணவி, அவளுக்கு இயலுமானால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பை எடுத்தால் இரண்டு வாசலும் திறந்திருக்கும். வணிகவியலில் மனம் உள்ளவள் அதைத் தெரிந்தே தேர்ந்தால் அது விடுதலை. அறிவியல் குரூப் இருப்பதே தெரியாமல் அதில் அமர்த்தப்பட்டால் அது விடுதலை அல்ல. குழந்தைப்பருவத்தைக் கெடுப்பது அச்சம்; வழி தெரிந்த வீட்டில் அச்சம் குறைகிறது. தாமதமாக விழித்துக்கொள்பவர்களுக்கும் விதிகள் வளைய வேண்டும். பிளஸ் டூவுக்குப் பின் உயிரியலைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட பின்வாசல்கள் இன்னும் பல வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒரு குடும்பம் திட்டமிட்டுப் பெறும் இடம் இன்னொரு குடும்பம் இழக்கும் இடம். அப்படியிருக்கத் திட்டமிடலை அறம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் நகரத்துப் படித்த குடும்பங்கள் இந்தத் திட்டத்தை நெடுங்காலமாகப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. அவர்களுக்கு அது பேச்சோடு பேச்சாகக் கிடைக்கும் அறிவு. மலைக் கிராமத்து வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் ஏறப்போகும் பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஆகவே அறம் திட்டமிடும் குடும்பத்தின் சாமர்த்தியத்தில் இல்லை, அந்த அறிவைப் பகிர்வதில் இருக்கிறது. மாணவர்களுக்கு வழிகாட்ட அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இந்தத் திசையில் வைத்த அடி. 2024, 2025ஆம் ஆண்டுகளில் பச்சைமலை, கல்வராயன் மலைப் பள்ளிகளின் பழங்குடி மாணவிகள் திருச்சி என்ஐடிக்கும் சென்னை ஐஐடிக்கும் போனார்கள். வழி காட்டப்பட்டால் கால்கள் நடக்கும் என்பதற்கு அவர்கள் சாட்சி. ஆசிரியர் இல்லாத வகுப்பறையை வழிகாட்டுதல் மட்டும் நிரப்பாது என்பதும் உண்மைதான். ஆனால் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வேண்டும் என்று தெரிந்த ஊர்தான் அவரைக் கேட்டு நிற்கும்.

ஐந்தாம் வகுப்பின் முடிவிலும், எட்டாம் வகுப்பின் முடிவிலும், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பும் பெற்றோரை அழைத்து, அடுத்து எடுக்கும் முடிவு எந்த வாசலைத் திறக்கும், எதை மூடும், எந்தச் சான்றிதழுக்கு இப்போதே மனுக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்வதை மலையிலும் அடிவாரத்திலும் உள்ள ஒவ்வொரு பள்ளியும் தன் கடமையாகக் கொள்ள வேண்டும். அத்தனையும் சொல்லி, முயன்று, அதன்பிறகும் கைகூடாததை ஊழ் என்று ஏற்றுக்கொள்ளலாம். அந்த ஏற்பில் பக்தியும் பணிவும் இருக்கும். சொல்லாமலே விட்டுவிட்டு ஊழின்மேல் பழி போடுவது பக்தி ஆகாது. கடவுளின் பெயரால் நம் கடமையைக் கைகழுவுவதாகவே அது முடியும்.