எழுபது ஆண்டுகளைக் குறைக்காமல்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் பக்கத்துச் சபைகளில் வாக்குத்தத்த அட்டைகளைத் தாம்பாளத்தில் பரப்பி வாசலருகே வைப்பார்கள். சபையார் வரிசையாக வந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போனதும் அது காலண்டருக்குப் பக்கத்தில், பீரோ கண்ணாடியின் ஓரத்தில், அல்லது வேதாகம உறைக்குள் இடம்பிடித்து அடுத்த டிசம்பர் வரை இருக்கும். இந்த வழக்கத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஒரு வசனத்தையாவது தனக்கென்று சொல்லப்பட்டதாக எண்ணி ஒருவர் ஆண்டு முழுக்கச் சுமந்துகொண்டிருப்பது சிறிய காரியம் அல்ல.

அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. தேவன் தம் மக்களுக்கு நன்மையையே எண்ணியிருக்கிறார், அவர்கள் காத்திருப்பது வீண்போகாது என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய வசனத்தை நான் எந்த அட்டையிலும் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் அவர்களைத் திரும்ப அழைத்து வருவேன் என்று அந்தப் பத்தாம் வசனம் சொல்கிறது.

எங்கள் சேகரகுருவுக்கு ஒரே ஞாயிற்றில் பல சபைகள். திருவிருந்து நாட்களில் வந்துவிடுவார். மற்ற வாரங்களில் உபதேசியாரோ, என்னைப் போல் பள்ளிக்கூட வேலையில் இருக்கும் யாராவதோ செய்தி கொடுக்க வேண்டும். அப்படி என் முறை வரும்போதெல்லாம் என் முன்னால் நிற்கிற கேள்வி ஒன்றுதான். மக்கள் கேட்க ஏங்குவது ஒன்று, வேதம் சொல்வது வேறொன்று என்று ஆகிற இடத்தில் என்ன செய்வது? அந்த மக்கள் யாரோ அல்ல. யார் வீட்டில் கடன், யார் மகனுக்கு வேலை இல்லை, யாருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வரவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் இந்தக் கேள்வி கனக்கிறது.

இதற்கு விடை தேடி நான் திரும்பத் திரும்பப் போவது அதே எரேமியாவின் 28ஆம் அதிகாரத்துக்கு. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜாவாகிய எகொனியாவையும் அவன் தாயையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். ஆலயத்தின் பணிமுட்டுகளும் போயின. அடுத்து ராஜாவாக்கப்பட்ட சிதேக்கியாவின் நாலாம் வருஷத்தில் கிபியோன் ஊர்க்காரரான அனனியா ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்திருக்க, கர்த்தர் பெயரால் ஒரு செய்தி சொல்கிறார். இரண்டே வருஷம், போன பணிமுட்டுகளும் போன ராஜாவும் போன ஜனங்களும் திரும்பிவிடுவார்கள் என்கிறார். எரேமியா அப்போது கழுத்தில் மர நுகத்தோடு நிற்கிறார். பாபிலோனுக்குப் பணிந்திருக்க வேண்டிய காலம் இது என்பதற்கு அந்த நுகம் அடையாளம்.

அனனியா பார்ப்பதற்குக் கள்ளத்தீர்க்கதரிசி மாதிரி இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர் பேசியது கர்த்தருடைய ஆலயத்தில். எரேமியா எப்படித் தொடங்குவாரோ அப்படியே அவரும் தொடங்குகிறார். ஏசாயாவின் காலத்தில் அசீரிய சேனையிடமிருந்து இதே நகரத்தைக் கர்த்தர் காப்பாற்றியதை எல்லோரும் அறிவார்கள். அப்படியிருக்க, மறுபடியும் காப்பாற்றுவார் என்று சொல்வது விசுவாசமான பேச்சாகத்தானே கேட்டிருக்கும்? அந்தக் கூட்டத்தில் நானும் இருந்திருந்தால் அனனியாவுக்குத்தான் ஆமென் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

எரேமியாவும் ஆமென்தான் சொன்னார். கர்த்தர் அப்படியே செய்யட்டும், நீ சொன்னது நிறைவேறட்டும் என்றார். சிலர் இதைக் கேலி என்று வாசிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஜனத்துக்காகக் கண்ணீர் விட்டு அழுத மனிதர் அவர். இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடுமானால் அவரைவிட மகிழ்ந்திருக்கக்கூடியவர் யார்? ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் அந்த ஆசையைக் கர்த்தரின் வார்த்தை என்று சொல்ல அவர் துணியவில்லை. அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தபோதுகூட எரேமியா பதில் பேசவில்லை, தன் வழியே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு வார்த்தை வருகிறது. அது வந்த பின்பே திரும்பி வந்து, மர நுகம் போய் இரும்பு நுகம் வரும் என்கிறார். கொடுக்கப்படும் வரை வாய் திறக்காமல் இருந்த அந்த இடைவெளியைத்தான் நான் பிரசங்கத் தயாரிப்பு என்று புரிந்துகொள்கிறேன்.

நடைமுறையில் என் தயாரிப்பு எளிதானது. பஞ்சாங்கத்தில் அந்த ஞாயிற்றுக்குக் குறித்திருக்கும் வேதபாடத்தைத் திங்கட்கிழமையே எடுத்து, முன்னும் பின்னுமாக முழு அதிகாரங்களையும் சத்தமாக வாசிப்பேன். மனதுக்குள் வாசித்தால் தெரிந்த வசனத்தைக் கண் தாவிப் போய்விடுகிறது. வாய்விட்டு வாசித்தால் தாவ முடியாது. பிறகு நோட்டில் யார் பேசுகிறார், யாரிடம், எந்த ஊரில், எந்தச் சூழ்நிலையில் என்று எழுதிக்கொள்வேன். அதை எழுதி முடிக்கும் வரை எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன். ஒத்தவாக்கிய அகராதி, விளக்கவுரை எல்லாம் அதற்குப் பிறகு. யூடியூபில் அதே வசனத்துக்கு மற்றவர்கள் கொடுத்த செய்திகளைப் பிரசங்கம் முடியும் வரை கேட்பதில்லை. கேட்டால் அவர்கள் குரல் என் வாயில் வந்துவிடும்.

எங்களிடம் மூன்று குறிப்புகளாகப் பேசும் பழக்கம் உண்டு, மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கினால் இன்னும் சிறப்பு. எரேமியா 29:11க்கு நினைவு, நிம்மதி, நிறைவு என்று எழுத ஐந்து நிமிஷம் போதும். சபை அதை எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளும், அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த மூன்றில் எதுவும் வசனத்துக்கு விரோதமும் இல்லை. ஆனால் பாபிலோன் அவற்றில் இல்லை. வீட்டை இழந்தவனும் சங்கிலியில் நடத்திச் செல்லப்பட்டவளும் இல்லை. அவர்கள் இல்லாமல் அந்த வசனம் யாரிடம் பேசுகிறது?

வேதபாடத்தை நானே தெரிந்தெடுக்காமல் பஞ்சாங்கம் தெரிந்தெடுப்பது எனக்கு ஒரு பாதுகாப்பு. சீர்திருத்தவாதி கால்வின் 1538இல் ஜெனீவாவிலிருந்து வெளியேற்றப்பட்டு 1541இல் திரும்ப அழைக்கப்பட்டபோது, தன்னை விரட்டியவர்களைப் பற்றி ஒன்றும் பேசாமல், விட்ட இடத்துக்கு அடுத்த வசனத்திலிருந்து தொடர்ந்தாராம். மேடையில் ஏறுகிறவனுக்கு உள்ளே என்னென்னவோ இருக்கும். வசனத்தின் வரிசை அவனைத் தன் கோபத்திலிருந்தும் தன் கரிசனையிலிருந்தும் காப்பாற்றுகிறது. கோபத்திலிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் புரியும். கரிசனையிலிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்பது எனக்குப் பிரசங்கம் செய்யச் செய்யத்தான் புரிந்தது.

ஒரு வருஷம் எங்கள் சபைக்கே அந்த ஆண்டின் வாக்குத்தத்தமாக எரேமியா 29:11 குறிக்கப்பட்டது. ஜனவரி இரண்டாம் ஞாயிறு என் முறை. அதற்கு முன்பே ஓர் அக்கா என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்டார்கள், “நம்ம சபைக்கே அந்த வசனந்தான வந்திருக்கு. இந்த வருஷம் அவுகளுக்குச் சரியாயிரும்லா சார்?” கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரம் இரண்டு தடவை பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் டயாலிசிஸ் செய்து கூட்டி வருவார்கள். ஜெபம் பண்ணுவோம்க்கா என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஞாயிறு அந்த வசனம் வருகிற கடிதம் முழுவதையும் எடுத்துக்கொண்டேன். அது உண்மையில் ஒரு கடிதம். சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய எலெயாசா, கெமரியா என்ற இரண்டு பேர் கையில் எரேமியா கொடுத்தனுப்பியது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்துப் போன அந்தப் பட்டணத்தின் நன்மைக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்று அது சொல்கிறது. எழுபது வருஷத்தையும் சொன்னேன். எங்கள் ஊரில் பலர் கையில் வேதாகமத்தோடுதான் கோவிலுக்கு வருவார்கள், அதிகாரம் சொன்னதும் தாள் புரளும் சத்தம் பெஞ்சு பெஞ்சாகக் கேட்கும். பத்தாம் வசனத்தை வாசித்தபோது சிலர் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்கள்.

அவர்கள் அப்படிப் பார்க்க முடிவதே எனக்குப் பெரிய கிருபையாகத் தெரிகிறது. மிஷனெரி சீகன்பால்கு 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1719இல் அவர் மரித்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் மொழிபெயர்ப்பு வந்திருந்தது. மீதியை அவருக்குப் பின்வந்த மிஷனெரி சூல்ச் தொடர்ந்து முடிக்க, 1728இல் பழைய ஏற்பாடு முழுவதும் அச்சில் வந்தது. எரேமியாவின் இந்தக் கடிதம் தமிழ் அச்சில் ஏறியது அந்த இரண்டாம் கட்டத்தில்தான். அதற்கு முன் பிரசங்கி சொன்னதைப் பெஞ்சில் இருப்பவர் எதை வைத்து ஒத்துப்பார்ப்பார்? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களில் தேடிப் பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைப் புகழ்கிறது. என்னை அப்படித் தேடிப் பார்க்கிற சபை வேண்டும் என்பதே என் ஜெபம்.

ஆராதனை முடிந்து அந்த அக்கா வந்தார்கள். வேதாகமத்தில் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே கேட்டார்கள்.

“எழுபது வருஷம்னா, அந்த லெட்டர வாங்கினவுக எல்லாம் அங்கனயே செத்திருப்பாகளே சார்?”

“பெரும்பாலும் ஆமாக்கா.”

“அப்ப அவுகளுக்கு எதுக்கு லெட்டரு?”

இவ்வளவு நேர்மையான கேள்வியை விளக்கவுரைகள்கூட என்னிடம் கேட்டதில்லை. அடுத்த மூன்று வசனங்களை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் கூப்பிடுவீர்கள், நான் கேட்பேன், முழு இருதயத்தோடு தேடினால் என்னைக் காண்பீர்கள் என்ற பொருளில் வருபவை அவை. ஆலயம் நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில், பலிபீடம் இல்லை, சொந்த மண் இல்லை. அப்படிப்பட்ட இடத்திலிருந்து கூப்பிட்டாலும் கேட்பேன் என்கிறார். ஊர் திரும்புவதற்குத்தான் எழுபது வருஷம், அவர் செவிகொடுப்பதற்குத் தவணை இல்லை. “அங்கேயே கேட்பேன்னு சொல்லத்தான்க்கா லெட்டர்,” என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள். அது போதுமானதாக இருந்ததா என்பதை அவர்கள் முகத்தில் என்னால் படிக்க முடியவில்லை. புதன்கிழமை வழக்கம்போல் பஸ் ஏறினார்கள்.

இரண்டு வருஷம் என்று சொல்லியிருக்கலாம். அன்று அவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அனனியாவின் செய்தியைக் கேட்டவனுக்கு மூன்றாம் வருஷத்தில் என்ன மிஞ்சும்? செய்தி கொடுத்தவன் அதற்குள் வேறு வசனத்துக்குப் போயிருப்பான். கேட்டவன், தன் விசுவாசம்தான் குறைந்துபோயிற்று என்று தன்னையே நொந்துகொண்டு தனியே பாபிலோனில் இருப்பான். எழுபது என்று கேட்டவனுக்கோ மூன்றாம் வருஷத்திலும் முப்பதாம் வருஷத்திலும் அந்தக் கடிதம் பொய்யாகாது. எனக்கு உண்மையும் அன்பும் இரண்டு பக்கங்களாகத் தெரியாமல் போனது இந்த இடத்தில்தான்.

இப்படிப் பேசினால் விசுவாசம் இல்லாத செய்தி என்பவர்களும் இருக்கிறார்கள். புதிதல்ல. எரேமியாவின் கடிதம் பாபிலோன் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த செமாயா என்பவர் எருசலேமின் ஆசாரியர் செப்பனியாவுக்குப் புகார்க் கடிதம் எழுதினார். நெடுங்காலம் ஆகும், வீடு கட்டுங்கள் என்று எழுதியிருக்கிறானே, இந்த எரேமியாவைப் பிடித்து ஏன் தொழுவில் மாட்டவில்லை என்று கேட்டார். செப்பனியா அதை எரேமியாவின் காதுபடவே வாசித்தார். ஒரு பிரசங்கத்துக்கு வந்த மறுமொழி வேதத்திலேயே பதிவாகியிருக்கிறது.

குணமாக்கும் தேவனை நான் நம்புகிறேன். அந்த அண்ணனின் பெயரைச் சொல்லி, சிறுநீரகம் வேலை செய்யட்டும் என்று வாராவாரம் சபையாகக் கேட்கிறோம், தயக்கமில்லாமல் கேட்கிறோம். எரேமியாவின் ஆமென்னும் அப்படிப்பட்ட ஜெபம்தான். ஜெபத்தில் நெஞ்சில் உள்ளது எல்லாவற்றையும் கேட்கலாம். பிரசங்கத்தில் அந்த உரிமை எனக்கு இல்லை, சொல்லியிருப்பதை மட்டுமே சொல்ல வேண்டும். மைக் ஒன்றுதான், நிற்பவனும் ஒருவன்தான் என்பதால் இந்த எல்லை எளிதில் அழிந்துவிடுகிறது. ஜெபமாகத் தொடங்கிய வாக்கியம் பாதியிலேயே, இந்த மாதமே நடக்கும் என்ற அறிவிப்பாகி, கூட்டமும் அல்லேலூயா என்று எழும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து என் விருப்பப்படி வேதபாடம் எடுக்க வாய்ப்பு கிடைத்தால் 32ஆம் அதிகாரத்தை எடுப்பேன். சிதேக்கியாவின் பத்தாம் வருஷம், பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள சிற்றப்பன் மகனின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள் முன்னால் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, கிரயப்பத்திரத்தில் கையெழுத்திட்டு முத்திரை போட்டு, அது அழியாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். இரண்டு வருஷம் என்று சொல்ல மறுத்த அதே மனிதர், எழுபது வருஷத்துக்கு அப்பால் ஒரு நாள் வரும் என்று நம்பித் தன் கைப்பணத்தைப் போடுகிறார். ஆனால் அங்கேயே முடித்துவிட்டால் அதுவும் பாதிச் செய்திதான். பத்திரம் முடிந்த பிறகு அவர் தேவனிடம் போய், நகரமே எதிரி கையில் போய்க்கொண்டிருக்கும்போது என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று கேட்கிற ஜெபத்தையும் சபைக்கு முழுவதுமாக வாசிக்க வேண்டும். அது ஒன்பது வசனம் நீளம், இருபது நிமிஷத்தில் அதற்கு இடம் ஒதுக்கியாக வேண்டும்.