கேப்டன் வரவில்லை

1981-ல் தென் ஆப்பிரிக்க ரக்பி அணி நியூசிலாந்துக்கு டூர் வந்தது. தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி கொடிகட்டிப் பறந்த காலம். 'விளையாட்டுல அரசியல் எதுக்கு?' என்ற ரகம், நியூசிலாந்து பிரதமர் முல்டூன். தேசமே இரண்டு பட்டது. ஹாமில்டனில் எதிர்ப்பாளர்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு மைதானத்துக்குள் புகுந்தார்கள், மேட்ச் ரத்து. ஆக்லாந்தில் குட்டி விமானம் ஒன்று மாவுப் பொட்டலங்களை வீசியது. அதில் ஒன்று விழுந்தது, பாவம், உள்ளூர் வீரர் மேல்!

எனக்குப் பிடித்த ஆள் இந்தக் கலாட்டாவில் எங்கும் இல்லை. நியூசிலாந்து கேப்டன் கிரஹாம் மௌரி. 1978-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கையும் ஒரே டூரில் ஜெயித்தவர். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக ஆட மறுத்துவிட்டார்.

'இவர் ஒதுங்கினதால என்ன நின்னுபோச்சு?' என்பீர்கள். ஒன்றும் நிற்கவில்லை. வேறொருவர் கேப்டன் ஆனார். நியூசிலாந்து 2-1 என்று தொடரையும் வென்றது.

ஆனால் சார், டூரை நிறுத்துவது அவர் கையில் இல்லையே. தான் ஆடுவதா, வேண்டாமா என்பது மட்டும்தான் இருந்தது. லஞ்சம் வாங்காத கிளார்க்கிடமும் நாம் இதைத்தானே சொல்கிறோம்... 'நீ வாங்காட்டி பக்கத்து சீட்டுக்காரன் வாங்கப்போறான்!'

அதே வருடக் கடைசியில் பிரான்சுக்குப் போன நியூசிலாந்து அணிக்கு மறுபடி மௌரிதான் கேப்டன்.