தோற்றமும் ஒடுக்கமும்

விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த திருவெண்ணெய்நல்லூரில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு ஒரு கர்த்தா உண்டென்று சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் முதலாவதிலேயே அனுமானித்தார். கிளவுட் சர்வர்களைக் காலையில் ஒரு கோப்பிலிருந்து சிருஷ்டித்து, பகலெல்லாம் காத்து, பயனர் குறைந்த இரவில் சம்ஹரித்துவிடும் மென்பொருளாளர்க்கு முத்தொழில் தினசரிக் காரியமே. சர்வர் மாய்ந்தாலும் கோப்பிலிருந்து அதே அமைப்பு மீண்டும் எழும், கோப்பில் எழுதாமல் சர்வரில் நேரே செய்த திருத்தமோ அதனுடனேயே மாயும்.

ஆயினும், குடத்துக்குக் குயவன் நிமித்த காரணம் என்ற சித்தாந்த உவமையை இவர்களுக்கு முழுதும் பொருத்த என் மனம் ஒப்பவில்லை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவையில், பணியாளர் ஒருவர் பிழையாகத் தட்டச்சிய கட்டளையால், கருதியதைவிட மிகப் பல சர்வர்கள் விலகிவிட, சேவை மீளச் சில மணி நேரமாயிற்று. சித்தாந்தத்தின் கர்த்தா முற்றறிவுடையவன். இந்தக் கர்த்தாக்களோ, சர்வர்களை மெதுவாகவே விலக்கும்படியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவிடாதபடியும் தம் கருவியையே திருத்திக்கொண்டார்கள்.