சுவரும் மூச்சு விடும்

தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் திறக்கப்பட்டது. போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டதே 1824-இல்தான். அந்தக் காலத்து ஆலயச் சுவர் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே காற்றோடு போய்விடும். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் பெயின்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கும். உப்புப் பூத்து, காரை பொருக்குப் பொருக்காக உதிரும். கடலோரத்தில் கேட்கவே வேண்டாம்.

பழைய கை வேறு. நீற்றிய சுண்ணாம்பைப் பல நாள் ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, சுவரை நனைத்துவிட்டுத் தாழம்விழுது மட்டையால் மெல்லிசாக அடிப்பார்கள். அடித்ததும் பார்த்தால் கழுநீர் தெளித்தது போலிருக்கும். (கூலி கொடுப்பவர் முகம் சுளிக்கும் கட்டம் இதுதான்.) காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பூச்சு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே இறுகிவிடும். அந்தச் சுவரில் மெழுகுவர்த்தி வெளிச்சம் படும் அழகு எந்த டப்பாவிலும் வராது.

திருவிழாவுக்குப் பெயின்ட் வாங்கக் கிளம்பும் சபையாரே, முதலில் ஆலயச் சுவரின் ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சுண்ணாம்பு தெரிந்தால், பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய் எங்கே இருக்கிறதென்று விசாரியுங்கள்.