புண்ணும் பழியும்

சில நோய்களுக்கு மருந்து தேடுமுன் மனிதர் பழி தேடியிருக்கின்றனர். அவற்றுள் ஒன்று சிபிலிஸ் எனப்படும் கிரந்தி நோய். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஐரோப்பாவில் பரவியபோது இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்சு நோய் என்றனர். நம்மவர் பறங்கிப்புண் என்றழைத்தனர். ஒவ்வொருவரும் நோயை அடுத்தவர் வாசலில் இறக்கி வைத்தனர்.

இராயப்பரின் பெயரைத் தாங்கிய இராயபுரத்தையும், திருவொற்றியூரையும், எண்ணூரையும் சுட்டி, கப்பலும் லாரியும் வந்துபோகும் இடங்களில்தான் இத்தகைய நோய்கள் இருக்கும் என்று சொல்லிவிடுவது எளிது. நோய்க்கிருமியோ ஊரையும் குலத்தையும் பார்ப்பதில்லை.

துறைமுக நகராகிய சென்னை இதற்குச் சாட்சி. 1868இல் ஆங்கில அரசு இந்தியாவுக்கெனத் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது சென்னையிலும் செயற்படுத்தப்பட்டது. விலைமகளிர் எனக் கருதப்பட்ட பெண்கள் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். உடற்பரிசோதனைக்கு உட்பட வேண்டும். நோய் காணப்பட்டால் லாக் ஆஸ்பத்திரியில் அடைபட வேண்டும். அவர்களிடம் சென்ற ஆடவருக்கு அச்சட்டத்தில் பதிவேடு இல்லை. இருவரிடையே பரவும் நோயை ஒருவரை மட்டும் பூட்டிவைத்துத் தடுக்க முயன்ற அச்சட்டம் 1888இல் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று, அதன் மனப்பான்மை நம்மை விட்டுப் போயிற்றா?

இந்நோயின் கிருமியை ஷாவுதின், ஹாஃப்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் 1905இல் கண்டறிந்தனர். 1943 முதல் பென்சிலின் இதனைக் குணப்படுத்தி வருகிறது. இருந்தும் நோய் ஒழியவில்லை. காரணம் அதன் இயல்பிலேயே உள்ளது. முதலில் தோன்றும் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சில வாரங்களில் தானே ஆறிவிடுகிறது. பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தடிப்புகள் தோன்றி மறையலாம். அதன்பின் பல ஆண்டுகள் அமைதி. அந்த அமைதியினூடே சிலருக்கு இதயமும் மூளையும் நரம்புகளும் பழுதுறுகின்றன. ஒளிந்துகொள்வது நோயின் குணம். ஒளித்துவைப்பது வெட்கத்தின் குணம். இவ்விரண்டும் கைகோத்தால் மருந்து இருந்தும் பயனில்லை.

நோயையும் பாவத்தையும் பிரித்துப் பேசினால் கற்பொழுக்கம் தளர்ந்துவிடாதா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று ஆண்டவரிடம் வினவினர். அவர் அந்தக் கணக்கையே ஏற்கவில்லை. அவனுக்குப் பார்வை அளித்தார். பிறன்மனை நாடாமை நம் கடமையே. ஆயினும் நோய் ஒருபோதும் நீதிபதி ஆகாது. கணவனையன்றி வேறொருவரை அறியாத மனைவிக்கும் அது வருகிறது. அவள் வயிற்றுச் சிசுவையும் தொடுகிறது. குழந்தை இறந்தே பிறக்கலாம். பிழைத்தாலும் குறைகளோடு வாழ நேரலாம். இவர்கள் செய்த பாவம் என்ன?

கர்ப்ப காலத்தின் தொடக்கத்திலேயே செய்யும் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் பென்சிலின் ஊசியும் பெரும்பாலும் அக்குழந்தையைக் காத்துவிடும். தாயிடமிருந்து சேய்க்கு இந்நோய் பரவுவதை ஒழித்த நாடென இலங்கைக்கு 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. ஆனால் மனைவி மட்டும் ஊசி போட்டுக்கொண்டு கணவன் மறைத்துத் திரிந்தால் நோய் மீண்டும் அவளிடமே வந்து சேரும்.

எனவே, ‘இது உனக்கு எப்படி வந்தது?’ என்பதைவிட, ‘இது உன்னிடமிருந்து யாருக்குச் செல்லப்போகிறது?’ என்பதே ஒழுக்கம் கேட்கும் முதற்கேள்வி. அதற்கு உண்மையான பதில் வேண்டுமானால், பதில் சொல்பவரை நாம் கல்லெறியாதிருக்க வேண்டும். பரிசோதனைக்குச் செல்லும் கணவனையும் மனைவியையும் கண்டு தெருவார் முணுமுணுக்காதிருப்பதும் பிறரன்புப் பணியே.